சேர்த்த கட்டுரைகள் கைக்குக் கிடைக்க வேண்டுமே!
ஆய்வு மாணவர்களுக்கும் அவர்கள் பெற்றோருக்கும்



நமது கல்வி உதவித் திட்டத்துக்கு முன்பெல்லாம் பள்ளிக் கட்டணத்துக்கும் இளங்கலைப் படிப்புக்கும்தான் விண்ணப்பங்கள் வரும். இப்போது விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரண்டு ஊர்களிலிருந்தும் பிஎச்.டி. சேர்ந்த பிள்ளைகளின் விண்ணப்பங்களும் வருகின்றன, அல்ஹம்துலில்லாஹ். அவர்களோடு பேசும்போது ஒரு குறை திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. "அந்தக் கட்டுரையைப் படித்தது நினைவிருக்கிறது, எங்கே வைத்தேன் என்பதுதான் தெரியவில்லை" என்கிறார்கள். இதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது, என்ன பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதை இந்த இதழில் விளக்குகிறோம்.

இது ஏன் வீட்டுக்கும் தெரிய வேண்டும்?

ஓர் ஆய்வு மாணவர் மூன்று, நான்கு ஆண்டுகளில் சில நூறு கட்டுரைகளையாவது சேர்த்துவிடுவார். அவை கைபேசியிலும் லேப்டாப்பிலும் வாட்ஸ்அப்பிலும் வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட கோப்புகளாகச் சிதறிக் கிடக்கும். பிடித்த பத்தியை நோட்டில் எழுதியிருப்பார். எந்தக் கட்டுரை, எந்தப் பக்கம் என்பது விட்டுப்போயிருக்கும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அது தம்முடைய வாக்கியமா, பிறருடையதா என்று அவருக்கே தெரியாது.

அங்கேதான் ஆபத்து. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத காலக்கெடுவுக்குள் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் திருத்திய ஆய்வேட்டை ஓராண்டுக்குச் சமர்ப்பிக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். மூலத்தைக் குறிப்பிட்டு முறையாக எடுத்தாண்ட பகுதி இந்தக் கணக்கில் சேராது. ஆக, மனதில் திருட்டு எண்ணமே இல்லாத பிள்ளைகூட, எங்கிருந்து எடுத்தோம் என்று எழுதி வைக்காததால் மாட்டிக்கொள்ளக்கூடும். உதவித்தொகை, பேருந்துக் கட்டணம், வீட்டார் பட்ட சிரமம் எல்லாவற்றோடும் ஓராண்டு போய்விடும்.

கட்டுரைகள் இனி குறையப் போவதும் இல்லை. மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடும் திட்டம் இது. அரசுக் கல்லூரிகளில் படிப்பவர்கள் இதைப் பெறும் வழியைத் தங்கள் கல்லூரி நூலகரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். நாடெங்கும் ஏற்கப்பட்ட ஆய்வேடுகள் 'சோத்கங்கா' தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

இந்த மென்பொருள் செய்யும் வேலை

வேலை மூன்று. ஒன்று, கட்டுரையை அதன் ஆசிரியர், ஆண்டு, இதழ், பக்க எண் ஆகியவற்றோடு சேர்த்துப் பதிந்துகொள்ளும். இரண்டு, தலைப்பில் மட்டுமல்லாமல் கட்டுரைக்குள் இருக்கும் சொற்களையும் தேடித் தரும். மூன்று, ஆய்வேடு எழுதும்போது அடிக்குறிப்பையும் துணைநூற்பட்டியலையும் தானே அமைத்துத் தரும். நெறியாளர் பட்டியலின் முறையை மாற்றச் சொன்னால் இருநூறு பதிவுகளையும் கையால் திருத்த வேண்டியதில்லை.

தேடலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம்மூர் உதாரணமே போதும். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட நிலக்கடலை ரகங்களுக்கு 'டி.எம்.வி.' என்று பெயர். இதை ஆராயும் மாணவர் 'டி.எம்.வி.' என்று தேடினால் புகையிலையைத் தாக்கும் ஒரு வைரஸைப் பற்றிய கட்டுரைகளும் வந்து நிற்கும், ஏனென்றால் அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கமும் அதேதான். இன்னொரு பக்கம், நாம் மல்லாட்டை என்பதை ஒருவர் நிலக்கடலை என்று எழுதியிருப்பார், மற்றொருவர் வேர்க்கடலை என்றும், விஞ்ஞானி லத்தீன் பெயரிலும் எழுதியிருப்பார். தட்டச்சு செய்த சொல்லைத்தான் கணினி தேடும், பொருளை அது அறியாது. ஆகவே ஒவ்வொரு கட்டுரைக்கும் 'நிலக்கடலை', 'வறட்சி', 'விளைச்சல்' என்று நாமே இரண்டு மூன்று குறிச்சொற்கள் இட வேண்டும். இந்த வசதி இல்லாத மென்பொருள் நமக்கு வேண்டாம்.

எவை எவை இருக்கின்றன?

ஜோடெரோ: அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006-ல் வெளிவந்தது. இலவசம், மூலநிரலும் திறந்திருக்கிறது. இப்போது லாப நோக்கமற்ற அமைப்பு ஒன்று நடத்துகிறது. கணக்குத் தொடங்காமலேயே நம் கணினியில் எவ்வளவு கட்டுரை வேண்டுமானாலும் வைக்கலாம். அவர்களுடைய இணையச் சேமிப்பில் மட்டும் 300 எம்.பி. வரைதான் இலவசம். வேர்டு, லிப்ரே ஆபிஸ் இரண்டிலும் மேற்கோள் சேர்க்கும்.

மெண்ட்லி: லண்டனில் தொடங்கப்பட்டது. 2013-ல் எல்செவியர் பதிப்பகம் வாங்கியது. கணக்குத் தொடங்கியே ஆக வேண்டும். 2 ஜி.பி. இணையச் சேமிப்பு இலவசம்.

எண்ட்நோட்: பழைய, வசதிகள் நிறைந்த மென்பொருள், விலையும் அதிகம். கல்லூரியே வாங்கித் தந்தால் பயன்படுத்தலாம். பூட்டு உடைத்த திருட்டுப் பிரதியை பென் டிரைவில் வாங்கி ஏற்ற வேண்டாம். அதில் அடுத்தவர் உரிமையும் போகிறது, வைரஸும் கூடவே வருகிறது.

ஜேப்ரெஃப்: இலவசம். கணிதம், இயற்பியல், கணினி அறிவியல் துறைகளில் லேடெக் முறையில் எழுதுபவர்களுக்குப் பொருந்தும்.

டாக்ஃபெட்சர்: இதுவும் இலவசம். ஒரு ஃபோல்டரில் கிடக்கும் கோப்புகளுக்குள் தேடித் தரும், அவ்வளவே. மேற்கோள் வேலை செய்யாது.

எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

உள்ளே போகும் வழியை எல்லோரும் எளிதாகத்தான் வைத்திருக்கிறார்கள். வெளியே வரும் வழியைத்தான் பார்க்க வேண்டும். 2018-ல் மெண்ட்லியின் புதிய பதிப்பு, பயன்படுத்துபவரின் சொந்தக் கணினியில் இருந்த தரவுத்தளத்தையே வேறு மென்பொருள்கள் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்தது. பாதுகாப்புக்காகச் செய்ததாக நிறுவனம் விளக்கியது. ஆனால் வேறொன்றுக்கு மாற விரும்பியவர்களுக்கு வழக்கமான வழி அடைபட்டது. 2021-ல் அதன் கைபேசிச் செயலிகள் நிறுத்தப்பட்டன. 2022 செப்டம்பரிலிருந்து பலரும் பழகியிருந்த பழைய டெஸ்க்டாப் மென்பொருளைப் புதிதாகப் பதிவிறக்கவும் முடியாமல் போனது. அதற்குப் பதில் வேறொரு பதிப்பு வந்தது என்றாலும், ஆய்வின் நடுவில் இருந்தவர்கள் தங்கள் வேலைமுறையையே மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

ஆகவே எந்த மென்பொருளானாலும் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1. என் பி.டி.எஃப். கோப்புகள் என் கணினியிலேயே சாதாரணக் கோப்புகளாக இருக்கின்றனவா?
2. பட்டியல் முழுவதையும், என் குறிப்புகளோடு, வேறு மென்பொருள் ஏற்கும் வடிவத்தில் வெளியே எடுக்க முடியுமா?
3. இணையம் இல்லாத நேரத்திலும் வேலை செய்யுமா?
4. கல்லூரியை விட்டு வந்த பிறகும் காசில்லாமல் பயன்படுத்த முடியுமா?

நான்குக்கும் 'ஆம்' என்று பதில் வருவதால் நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஜோடெரோவையே பரிந்துரைக்கிறோம். ஏற்கெனவே வேறொன்றில் வேலை செய்து பழகியவர்கள் உடனே மாற வேண்டியதில்லை. பட்டியலை ஒருமுறை வெளியே எடுத்துப் பார்த்து, எடுக்க முடிகிறது என்று உறுதி செய்துகொண்டால் போதும்.

தமிழில் ஆய்வு செய்பவர்களுக்கு

பழைய தமிழ்க் கோப்புகள் பல பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அமைந்தவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. தமிழக அரசு 2010-ல் யூனிகோடு முறையை ஏற்றது. அதற்கு முன் உருவானவற்றில் இந்தச் சிக்கல் மிகுதி. சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் தேடலாம். ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தால் எந்த மென்பொருளும் அதற்குள் தேடித் தராது.

பக்கங்களைப் படமாக ஸ்கேன் செய்த கோப்பு என்றால் நகலெடுக்கவே வராது. அதை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் மூலம் திறந்தால் படத்திலுள்ள தமிழ் எழுத்தாக மாறிவரும். பிழைகள் இருக்கும் என்பதால் மேற்கோள் காட்டும்போது மூலப் பக்கத்தோடு ஒப்பிட வேண்டும். இப்படி மாற்ற நேரமில்லாதவற்றுக்குத் தலைப்பு, ஆசிரியர், குறிச்சொற்கள், ஐந்து வரிச் சுருக்கம் ஆகியவற்றையாவது யூனிகோடு தமிழில் தட்டச்சு செய்து வையுங்கள். தேடல் அதைப் பிடித்துக்கொள்ளும்.

ஜோடெரோ பயன்படுத்துவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு கோப்பில் முதல் 100 பக்கங்களை மட்டுமே அது தேடலுக்கு எடுத்துக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். முந்நூறு பக்க ஆய்வேடுகளை வைத்திருப்பவர்கள் அமைப்புகளில் அந்த எண்ணைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

தொடங்குவது எப்படி?

பழைய கட்டுரைகள் அனைத்தையும் ஒரே நாளில் ஏற்ற முயன்றால் இரண்டாம் நாளே சலித்துவிடும். இன்று முதல் படிக்கும் கட்டுரைகளை மட்டும் முதலில் ஏற்றுங்கள். பழையவற்றை, தேவைப்படும்போது, வாரத்துக்குப் பத்தாகச் சேர்க்கலாம். பிறர் வாக்கியத்தை எழுதும்போது மேற்கோள் குறிக்குள் எழுதி, பக்க எண்ணை உடனே போட்டுவிடுங்கள்.

வாரம் ஒருமுறை மென்பொருளை மூடிவிட்டு, ஜோடெரோ ஃபோல்டர் முழுவதையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுங்கள். அந்த ஃபோல்டரையே கூகுள் டிரைவோடு இணைத்து வைக்க வேண்டாம். தரவுத்தளம் கெட்டுப்போகக்கூடும்.

லேப்டாப் இல்லாதவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கூகுள் டிரைவில் 15 ஜி.பி. இலவசம். ஒவ்வொரு கோப்புக்கும் ஆசிரியர், ஆண்டு, தலைப்பு என்று பெயரிட்டு அதில் சேர்த்து வந்தால், பின்னாளில் மென்பொருளுக்கு மாற்றுவது எளிது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒரே லேப்டாப், அதில் தம்பி விளையாடுகிறான், தங்கை படம் பார்க்கிறாள் என்றால் ஆய்வு செய்யும் பிள்ளைக்குத் தனி பயனர் கணக்கும் கடவுச்சொல்லும் வைத்துக் கொடுங்கள். புதிய கைபேசி வாங்கித் தரும் செலவில் ஒரு பகுதியை ஹார்டு டிஸ்க்குக்கு ஒதுக்குங்கள். நான்கு ஆண்டு உழைப்பு அதில்தான் இருக்கப்போகிறது.

நிறுவிப் பழகுவதில் சிரமம் உள்ள மாணவ, மாணவியர் ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் லேப்டாப்புடன் நமது அலுவலகத்துக்கு வரலாம். மாணவியர் தாயாரையோ சகோதரியையோ உடன் அழைத்து வரலாம். ஏற்கெனவே பயன்படுத்தி வரும் பிள்ளைகள் புதியவர்களுக்குக் கற்றுத்தர முன்வந்தால், இன்ஷா அல்லாஹ், இரண்டு ஊர்களிலும் இதைத் தொடர்ந்து நடத்த முடியும்.