ஒரு மில்லிமீட்டர் இடைவெளி

2005 வாக்கில் அமெரிக்காவில் ஒரு நடுத்தரக் குடும்பம் வீட்டில் 60 அங்குலப் படம் பார்க்க ஆசைப்பட்டால், கைக்கு எட்டியது ப்ரொஜெக்ஷன் டிவிதான். அதே அளவு பிளாஸ்மா டிவியின் விலை மலைக்க வைத்தது. மிட்சுபிஷி, சாம்சங், சோனி, தோஷிபா என்று பெரிய நிறுவனங்கள் பலவும் இந்த வகை டிவியை விற்றன. வெளியிலிருந்து பார்த்தால் கொஞ்சம் பருத்த டிவி. உள்ளே இருப்பது புரொஜெக்டர். பெட்டியின் அடியில் எரியும் விளக்கின் ஒளி ஒரு சின்னச் சில்லின் மேல் பட்டு, லென்ஸ் வழியாக வெளியேறி, பின்பக்கக் கண்ணாடியில் மோதித் திரும்பித் திரையின் முதுகில் விழும்.

வாங்கிய சில வருடங்களில் அந்த வீடுகளிலெல்லாம் ஒரே கதைதான். படம் மெல்ல மெல்ல மங்கும், யாரும் கவனிக்கமாட்டார்கள். பிறகு ஒரு நாள் டிவியைப் போட்டால் உள்ளே மின்விசிறி மட்டும் சுழலும், விளக்கு பற்றாது. டிவி தானாகச் சில தடவை முயன்று பார்த்துவிட்டு, முகப்பில் ஓர் எச்சரிக்கைப் பொட்டை மின்னவைத்து ஓய்ந்துபோகும். டிவிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. விளக்கு தேய்ந்திருக்கும்.

குண்டு பல்பு இழை அறுந்து போகும். இந்த விளக்கில் இழையே கிடையாது. குவார்ட்ஸாலான ஒரு சின்னக் குமிழ். அதன் உள்ளிடம் பட்டாணி அளவுகூட இராது. அதற்குள் எதிரெதிரே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு டங்ஸ்டன் மின்முனைகள். நடுவே சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. கூடவே மில்லிகிராம் கணக்கில் பாதரசம். டிவியின் வாட்டில் பெரும்பகுதி, அதாவது 100 முதல் 200 வாட்வரை, அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் மின்வில்லாக எரிகிறது. பிரகாசத்தில் அந்தப் பொட்டைச் சூரியனின் பரப்போடு வைத்துப் பேசலாம்.

எதற்கு அவ்வளவு சின்ன இடம்? காரணம் சில்லு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக் 1987இல் கண்டுபிடித்த நுண்கண்ணாடிச் சில்லுதான் டிஎல்பி எனப்படும் வகை டிவிகளின் இதயம். கட்டைவிரல் நகம் போன்ற பரப்பில் லட்சக்கணக்கான கண்ணாடிகள்; ஒவ்வொன்றும் தலைமுடியின் தடிமனைவிடச் சிறியது. 1280க்கு 720 புள்ளி என்றால் ஒன்பது லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு கண்ணாடியும் சுமார் 12 டிகிரி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்து, தன் மேல் விழும் ஒளியைத் திரைக்கு அனுப்பும், அல்லது ஓரத்துக்குத் தள்ளிவிடும். (இதற்காக ஹார்ன்பெக்குக்கு 2015இல் ஆஸ்கர் குழு விருது கொடுத்தது. ஒரு பொறியாளர் கையில் ஆஸ்கர் சிலையைப் பார்ப்பது எனக்கு எந்த நடிகர் வாங்குவதையும்விடச் சந்தோஷம்.)

அந்த நகத்தளவு பரப்பில்தான் முழு ஒளியும் விழ வேண்டும். பெரிய விளக்கின் ஒளியைச் சின்ன இடத்தில் குவிக்க நல்ல லென்ஸ் இருந்தால் போதாதா என்று தோன்றும். போதாது. ஒளி விழும் பரப்பைச் சுருக்கினால், அது வந்து சேரும் கோணம் விரியும். விரிந்த கோணத்தில் வரும் ஒளி லென்ஸுக்குள் புகாமல் சிதறும். எந்த லென்ஸாலும் எந்தக் கண்ணாடியாலும் இந்தக் கணக்கை ஏமாற்ற முடியாது. ஆகவே, ஒளி பிறக்கும் இடமே சின்னதாக இருந்தாக வேண்டும். டியூப் லைட்டை எத்தனை அடுக்கினாலும் புரொஜெக்டர் ஆகாது.

இந்தச் சிக்கல் நம் ஊர் சினிமாக் கொட்டகைக்குப் பழையது. அங்கே எரிந்ததும் மின்வில்தான், இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவில். எரிய எரியக் குச்சிகள் கரையும், இடைவெளி கூடும், திரை மங்கும், தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறக்கும். ஆபரேட்டர் கறுப்புக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, கைப்பிடியைத் திருகிக் குச்சிகளைப் பக்கத்தில் கொண்டுவருவார். படம் ஓடும்வரை அவருக்கு அதே வேலை. குச்சியைத் தானாகவே நகர்த்தும் இயந்திரம் வந்த பிறகும் அவர் ஒரு கண் வைத்துக்கொண்டுதான் இருந்தார்.

டிவி விளக்குக்குள் கை நுழையாது. மூடி முத்திரையிட்ட குமிழ் அது. டங்ஸ்டன் மின்முனையின் நுனி, உலோகங்களிலேயே மிக அதிகமான தன் உருகுநிலையை, 3422 டிகிரி செல்சியஸை, ஒட்டிய சூட்டில் எரிகிறது. ஆவியாகத்தான் செய்யும். ஆவியான டங்ஸ்டன் குவார்ட்ஸ் சுவரில் கரியாகப் படிந்தால் சில மணி நேரத்தில் விளக்கு இருண்டுவிடும். அதைத் தடுக்கக் குமிழுக்குள் ஓர் ஆபரேட்டரைப் போட்டு மூடினார்கள். அவர் பெயர் புரோமின்.

இருப்பது இம்மியளவு புரோமின்தான். சுவரை நோக்கி வரும் டங்ஸ்டன், அங்கே சற்றுக் குறைந்த சூட்டில், புரோமினோடும் உள்ளே மிஞ்சியிருக்கும் துளி ஆக்சிஜனோடும் சேர்ந்து வாயுவாகிறது. வாயு என்பதால் சுவரில் ஒட்டாமல் சுற்றி அலைந்து மின்முனைக்குப் பக்கம் போகிறது. அங்கே சூடு தாங்காமல் அந்தச் சேர்மம் உடைந்து டங்ஸ்டன் மறுபடி மின்முனையில் படிகிறது. புரோமின் அடுத்த நடைக்குத் திரும்புகிறது. அளவு கொஞ்சம் கூடினால் புரோமின் மின்முனையின் தண்டையே அரித்துவிடும். குறைந்தால் சுவர் கறுக்கும். ஜெர்மனியின் ஆகன் நகரில் இருந்த பிலிப்ஸ் ஆய்வகத்தில் இந்த அளவைக் கண்டுபிடித்ததுதான் எல்லாவற்றுக்கும் திறவுகோல். 1995இல் யூஎச்பி என்ற பெயரில் இந்த விளக்கு சந்தைக்கு வந்தது.

பாதரசத்தின் பங்கு வேறு. விளக்கு குளிர்ந்திருக்கும்போது அது சுவரில் ஒட்டிய துளிகள். பல ஆயிரம் வோல்ட் துடிப்பு ஒன்று இடைவெளியைத் தாவிப் பற்றவைத்ததும் துளிகள் ஆவியாகத் தொடங்கும். டிவி போட்டு ஒரு நிமிடம் போல் படம் கலங்கலாக இருப்பது அதனால்தான். முழுவதும் ஆவியானதும் உள்ளே அழுத்தம் சுமார் 200 பார், கடலில் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம். பழைய பாதரசத் தெருவிளக்குகளின் நீலப் பச்சை வெளிச்சத்தில் வெற்றிலைச் சிவப்பும் கறுப்பாகத் தெரிந்தது நினைவிருக்கும். அந்த வெளிச்சத்தில் சிவப்பு கிட்டத்தட்ட இல்லை. அழுத்தம் ஏற ஏற அந்தப் பள்ளம் நிரம்பி, ஒளி வெள்ளையை நெருங்குகிறது. 200 பாரிலும் சிவப்பு கொஞ்சம் குறைச்சல்தான். அதைச் சரிக்கட்டுவது மற்ற பாகங்களின் தலைவலி. இவ்வளவு அழுத்தத்தில் பாதரச விளக்கு எரியும் என்று பிலிப்ஸின் கார்னலிஸ் போல் 1930களிலேயே காட்டிவிட்டார். ஆனால் அவர் விளக்கைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓட வேண்டியிருந்தது. வரவேற்பறைக்கு அது சரிப்படாது.

இப்போது சூட்டுக் கணக்கைப் பாருங்கள். குமிழின் அடிப்பக்கம் சுமார் 900 டிகிரிக்குக் கீழே போனால் பாதரசம் திரும்பத் துளியாகி அழுத்தம் இறங்கிவிடும். சூடான வாயு மேலே எழும்புவதால் மேல்பக்கம்தான் அதிகம் கொதிக்கும். அது சுமார் 1100 டிகிரியைத் தாண்டிப் போனால் குவார்ட்ஸ் கண்ணாடித் தன்மையை இழந்து படிகமாகி, பால் போல வெளுக்கும். வெளுத்த இடம் ஒளியை விழுங்கி இன்னும் சூடாகும், உப்பும், ஒரு நாள் வெடிக்கும். இருநூறு டிகிரி இடைவெளிக்குள் அந்தக் குமிழைப் பிடித்து வைத்திருப்பது ஒரு சின்ன மின்விசிறி. காற்று வரும் வலையில் தூசி அடைத்தால் என்ன ஆகும் என்று இனி விளக்கத் தேவையில்லை. விளக்கு சீக்கிரம் போகிறது என்று நொந்துகொள்பவர்கள் முதலில் அந்த வலையைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

புரோமின் எவ்வளவு உழைத்தாலும் டங்ஸ்டனைக் கிளம்பிய இடத்திலேயே கொண்டுவந்து வைக்காது. மின்முனைகள் உருமாறும், நுனி பின்வாங்கும். ஒரு மில்லிமீட்டர் இடைவெளி மெல்ல வளரும். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்: இடைவெளி கூடிய விளக்கு முன்பு தின்ற அதே வாட்டைத்தான் தின்கிறது, மின்சாரம் கொடுக்கும் பேலஸ்ட் அப்படிப் பார்த்துக்கொள்கிறது. வெளிவிடும் ஒளியும் பெரிதாகக் குறைவதில்லை. ஆனால் ஒளி பிறக்கும் இடம் பெரிதாகிவிட்டது. மேலே சொன்ன கணக்குப்படி அதில் ஒரு பங்கு சில்லின் மேல் விழாமல் பெட்டிக்குள்ளேயே சிதறி வெறும் சூடாகிறது. சுவர் கறுப்பது இதற்கு மேல். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 6000 மணி நேரம், 8000 மணி நேரம் என்ற ஆயுள் பொதுவாக வெளிச்சம் பாதியாகும் காலத்தைத்தான் குறிக்கிறது. அதற்குள் கண் பழகிவிடும்.

எரியும் மணி நேரம் மட்டுமல்ல, பற்றவைக்கும் எண்ணிக்கையும் விளக்கைத் தின்னும். குளிர்ந்த மின்முனையிலிருந்து ஒவ்வொரு தொடக்கத்திலும் டங்ஸ்டன் தெறிக்கிறது. பத்து நிமிடம் வெளியே போய் வருவதற்காக டிவியை அணைத்துப் போடுவதில் சிக்கனம் எதுவும் இல்லை. தவிர, அணைத்த உடனே போட்டால் பற்றாது. உள்ளே இன்னும் உயர் அழுத்த ஆவி இருப்பதால், இடைவெளியைத் தாவப் பற்றவைப்பானின் வோல்ட் போதாது.

மாற்றும் வேலை என்னவோ எளிது. அணைத்துவிட்டு, மின்விசிறி தானாக நிற்கும்வரை விட்டு, பிளக்கைப் பிடுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆறவிட வேண்டும். பக்கத்திலோ பின்புறத்திலோ ஒரு கதவு இருக்கும். அதைத் திறந்து, விளக்குக் கூட்டைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளைத் தளர்த்தினால், கைப்பிடியோடு முழுசாக வெளியே வரும். புதியதை அடிவரை தள்ளித் திருக வேண்டும். கண்ணாடிப் பகுதியில் கை படக் கூடாது. வியர்வையில் உள்ள சோடியம் குவார்ட்ஸுக்கு எமன். சூட்டில் அது பட்ட இடத்திலிருந்துதான் வெளுப்பு தொடங்கும். பட்டுவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிடலாம். கதவை முழுதாக மூட வேண்டும். அதன் ஓரத்தில் ஒரு பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறது. அது அழுந்தாவிட்டால் டிவி விளக்கைப் பற்றவைக்காது. புது விளக்கும் செத்துவிட்டது என்று கடைக்குத் திரும்பியவர்களில் பலருக்கு இந்த சுவிட்ச்தான் காரணமாக இருந்திருக்கும். கடைசியாக, மெனுவில் விளக்கின் மணிக்கணக்கைப் பூஜ்யமாக்க வேண்டும். அந்தக் கணக்கு வெறும் கடிகாரம். விளக்கின் உடல்நிலை அதற்குத் தெரியாது.

பாதி விலைக்குக் கிடைக்கும் விளக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. கூடு ஒரிஜினல் போலவே இருக்கும். உள்ளே இருக்கும் குமிழை யார் செய்தார்கள் என்பதுதான் கேள்வி. இம்மியளவு புரோமின், ஒரு மில்லிமீட்டர் இடைவெளி, பேலஸ்டோடு பொருத்தம் என்று இதுவரை படித்தவர்களுக்கு, பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பது இங்கே எவ்வளவு குறைந்த தகுதி என்பது புரியும். என்னைக் கேட்டால், நல்ல தயாரிப்பாளரின் குமிழைப் பழைய கூட்டில் பொருத்திக்கொள்வது, பெயர் தெரியாத குமிழைப் புதுக் கூட்டோடு வாங்குவதைவிட மேல்.

சோனி 2007 டிசம்பரில் இந்த டிவிகளைக் கைவிடுவதாக அறிவித்தது. கடைசியாக நின்ற மிட்சுபிஷி 2012 டிசம்பரில் கடையை மூடியது. தட்டை டிவியின் விலைச் சரிவு எல்லோரையும் துடைத்துப் போட்டுவிட்டது. நம் ஊரில் ப்ரொஜெக்ஷன் டிவி பரவவே இல்லை, ஆனால் அதே பாதரச விளக்கு வேறு வழியாக வந்து சேர்ந்தது: கல்லூரி வகுப்பறைகளின் கூரையில் தொங்கும் புரொஜெக்டர்களில். மின்வெட்டு இங்கே கூடுதல் வில்லன். பாடத்தின் நடுவில் கரண்ட் போனால் மின்விசிறியும் நின்றுவிடும். ஆயிரம் டிகிரியில் இருக்கும் குமிழ் காற்றில்லாமல் அப்படியே புழுங்கும். கம்ப்யூட்டரை யூபிஎஸ்ஸில் மாட்டுபவர்கள் புரொஜெக்டரை நேராகச் சுவரில் மாட்டுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இப்போது எல்இடியும் லேசரும் அந்த இடத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் மாற்றுவதற்கு விளக்கே இல்லை.

அதுவரை தேய்ந்த விளக்குகள் சேர்ந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் இருப்பது மில்லிகிராம் கணக்கில் பாதரசம்தான். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரச மாசைப் பார்த்த மாநிலத்துக்கு அதன் குணத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. எரியும்போதே "டப்" என்று வெடித்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் அரை மணி நேரம் வெளியே இருப்பது நல்லது. உடைந்த துண்டுகளைக் கையுறை போட்டுக் கெட்டிக் காகிதத்தால் அள்ள வேண்டும். வாக்குவம் கிளீனர் வைத்தால் ஆவியை வீடு முழுக்கப் பரப்பிவிடும். உடையாத விளக்கென்றால், புதியது வந்த அட்டைப்பெட்டியிலேயே பழையதை வைத்து மூடி, மேலே "பாதரசம்" என்று பெரிதாக எழுதி, பழைய பேப்பர்காரரிடம் போடாமல் மின்கழிவு வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும். பாதரச விளக்குகள் 2016 முதல் இந்திய மின்கழிவு விதிகளின் பட்டியலில் இருக்கின்றன.