கீசகனைக் கரைத்த அமிலம்

சூதாட்டத்தில் நாட்டை இழந்த பாண்டவர்கள், பதின்மூன்றாம் ஆண்டை விராடனின் அரண்மனையில் மறைந்து கழித்தார்கள். தருமருக்கு அங்கும் பகடை ஆடுவதுதான் வேலை! பணிப்பெண்ணாக இருந்த திரௌபதி மேல் மோகம் கொண்ட கீசகனைப் பீமன் கொன்றான். தெருக்கூத்தில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய இந்தக் கதையைச் சென்னையில் நடராஜ முதலியார் என்ற மோட்டார் உதிரிபாக வியாபாரி ‘கீசக வதம்’ என்று படமாக எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் பேசாக் கதைப்படம் அது. வெளியான ஆண்டு 1917 என்பார் சிலர், 1918 என்பார் சிலர். படத்தைப் பார்க்கவோ வழியில்லை. அதன் சுருள் எதுவும் இன்று நம்மிடம் இல்லை.

படத்தின் நீளம் சுமார் 6,000 அடி என்று குறிப்புகள் சொல்கின்றன. 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 படங்கள். அப்படியானால் மொத்தம் 96,000 படங்கள். வினாடிக்கு 16 வீதம் ஓட்டினால் எத்தனை நிமிடம் ஓடும்? கணக்கிட்டுப் பாருங்கள். நூறு நிமிடம் வருகிறதல்லவா? அந்த 96,000 படங்களும் எங்கே போயின?

அக்காலத்து பிலிம் எதனால் ஆனது தெரியுமா? பருத்தியை நைட்ரிக், கந்தக அமிலங்களில் ஊறவைத்தால் செல்லுலோஸ் நைட்ரேட் கிடைக்கும். வளைந்துகொடுப்பதற்காக அதில் கற்பூரம் சேர்ப்பார்கள். அதன்மேல் ஜெலட்டின் பூச்சு. பூச்சுக்குள் வெள்ளித் துகள்கள். அந்தத் துகள்கள்தான் படம். இதே பொருளில் நைட்ரஜன் சற்றுக் கூடினால் அது வெடிபஞ்சு! எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதன் மூலக்கூறிலேயே இருப்பதால், தீப்பிடித்த சுருளைத் தண்ணீரில் அமிழ்த்தினாலும் அணையாது.

தீயைவிட எனக்கு வியப்பூட்டுவது, தீயே இல்லாமல் அது சாகும் விதம். செல்லுலோஸ் நைட்ரேட் தானாகவே மெல்லச் சிதைந்து நைட்ரஜன் டை ஆக்சைடு வாயுவை விடுகிறது. ஜெலட்டினில் உள்ள ஈரத்தோடு அது சேர்ந்தால் நைட்ரிக் அமிலம். அமிலம் வெள்ளியை அரிக்க, முகங்கள் மங்குகின்றன. அதே அமிலம் சிதைவையும் விரைவுபடுத்த, மேலும் வாயு, மேலும் அமிலம். வட்டிக்கு வட்டி ஏறும் கடன் போலத்தான்! இதைத் தன்வினையூக்கம் என்பர். பத்திரமாக இருக்கட்டும் என்று டப்பாவை இறுக மூடினால் வாயு உள்ளேயே தங்கிக் கேட்டை அதிகமாக்கும். சுருள் முதலில் பழுப்பேறும், பிறகு பிசுபிசுக்கும், தேன் போல் நுரைக்கும், கட்டியாகும். கடைசியில் பழுப்புத் தூள்.

வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சென்னையின் வெயிலும் கடற்காற்றின் ஈரமும் என்ன செய்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

முழுப் பழியையும் வேதியியல் மேல் போடுவது நியாயமில்லை. 1931-ல் பேசும் படம் வந்ததும் பேசாப்படத்துக்கு விலை போயிற்று. வெள்ளிக்காகவே பல நாடுகளில் சுருள்களைக் கரைத்தார்கள். அமெரிக்காவில் எடுத்த சுமார் 11,000 பேசாக் கதைப்படங்களில், 14 சதவீதம்தான் மூல வடிவில் முழுமையாக உள்ளன என்று 2013-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

தப்பியவையும் உண்டு. ஹிமான்சு ராய் தயாரித்து, ஜெர்மானியரான ஃப்ரான்ஸ் ஆஸ்டன் 1929-ல் இயக்கிய ‘பிரபஞ்ச பாஷ்’ படத்தில் இரண்டு அரசர்கள் ஒரு முனிவரின் மகளுக்காகப் பகடை உருட்டுகிறார்கள். இங்கிலாந்துக் காப்பகத்தில் இருந்த அதை 2006-ல் சீரமைத்தார்கள். 1933-ன் ‘மார்த்தாண்ட வர்மா’ கதை வேடிக்கையானது. நாவலின் பதிப்பாளர் உரிமை வழக்குத் தொடுக்க, படம் முடக்கப்பட்டது. அந்தச் சுருள் பதிப்பாளரிடமே கிடந்ததால் பிழைத்து, 1974-ல் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தது.

உங்கள் ஊர்ப் பழைய கொட்டகையிலோ பரணிலோ துருப்பிடித்த சுருள் டப்பா அகப்பட்டால், தீக்குச்சி கொளுத்திச் சோதிக்காதீர்கள், அடுப்பருகே கொண்டுபோகாதீர்கள். காடியின் நெடி வந்தால் அது பெரும்பாலும் பிற்காலத்து அசிட்டேட் பிலிம். மூக்கைத் துளைக்கும் அமில நெடியும் பழுப்புத் தூளும் இருந்தால் நைட்ரேட்டாக இருக்கலாம். குளிர்ந்த, காற்றோட்டமான நிழலில் வைத்துவிட்டு, பெரியவர்களைக் கொண்டு புனேக்கு எழுதச் சொல்லுங்கள்.