ஏதிலார் செய்யும் நன்றி

நன்றி என்னும் சொல் இக்கால வழக்கில், உதவி பெற்றவர் உதவியவருக்குக் கூறும் ஒரு மொழியாகவே பெரிதும் நின்றுவிட்டது. பண்டை நூல்களில் அச்சொல் செய்யப்பட்ட நன்மையையே குறிக்கும். திருக்குறளின் 11ஆம் அதிகாரத்திற்குச் ‘செய்ந்நன்றி அறிதல்’ என்று பெயர் அமைந்ததன் நுட்பம் இதனால் விளங்கும். ஒருவர் செய்த நன்மையை நன்மையென்று அறிதலே ஆண்டுக் கூறப்படுவது. அறியாத ஒன்றை மறவாதிருத்தலும், அதற்குக் கைம்மாறு செய்தலும் எங்ஙனம் இயலும்? ஆதலின் அறிதலே முதற்படியாம்.

இக்கருத்தை உளங்கொண்டு, இவ்வாண்டு கல்லூரி திறந்த நாள்முதல் யாம் ஒரு சிறு முயற்சியை மேற்கொண்டோம். முன்பின் அறியாத ஒருவர் மற்றொருவருக்குச் செய்யும் சிறு நன்மைகளைக் கண்டவிடத்து, அவற்றை அன்றன்றே ஒரு குறிப்பேட்டில் எழுதிவருதலே அம்முயற்சி. அதன் முறையினையும் அதனால் யாம் அறிந்தவற்றையும் இக்கட்டுரையிற் சுருங்க விளக்கப் புகுகின்றோம்.

எழுதுதற்குக் கொண்ட விதிகள் மூன்று. முதலாவது, செய்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாதவராதல் வேண்டும். உறவினரும் நண்பரும் செய்வன இவ்வேட்டிற்கு உரியன அல்ல. இரண்டாவது, செயல் கடமைக்கு மேற்பட்டதாயிருத்தல் வேண்டும். நடத்துநர் பயணச்சீட்டுக் கொடுத்தல் அவர் கடமை. கண்பார்வையற்ற முதியவரைக் கைப்பிடித்து இறக்கி, சாலையோரம்வரை கொண்டுவிட்டு வருதல் கடமைக்கு மேற்பட்டது. மூன்றாவது, கண்ணாற் கண்டதையே எழுதல் வேண்டும். பிறர் சொல்லக் கேட்டது ஆகாது. ஒவ்வொரு குறிப்பிலும் இடம், செயல், செய்தவர் அதனால் இழந்தது, பெற்றவர் அதனை அறிந்தனரா என்னும் நான்கும் இடம்பெறும்.

இனி, கண்டவற்றுட் சில கூறுவாம். யாம் நாள்தோறும் திருநெல்வேலிச் சந்திப்பிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பேருந்தில் வருகின்றோம். நெரிசல் மிக்க காலைப்பொழுதில், உட்கார்ந்திருப்பவர் நின்றுகொண்டிருக்கும் மாணவரின் புத்தகப்பையைக் கைநீட்டி வாங்கித் தம் மடியில் வைத்துக்கொள்ளுகின்றார். பின்வாயிலில் நிற்பவர் கொடுத்த காசு, ஐந்தாறு கைகள் மாறி நடத்துநரைச் சேர்கின்றது. சீட்டும் மீதிச் சில்லறையும் அக்கைகளின் வழியே குறையாது திரும்பி வருகின்றன. இடையில் நின்றார்க்கு இதனால் யாதொரு பயனுமில்லை. சாலையில் மோட்டார் சைக்கிளின் ஸ்டாண்டை மடக்க மறந்து விரைபவரை நோக்கி, “அண்ணாச்சி, ஸ்டாண்டு!” என்று எதிரே வருபவர் கூவுகின்றார். பின்னிருக்கைப் பெண்ணின் சேலைத்தலைப்புச் சக்கரத்தருகே தொங்கக் கண்டவர், “அக்கா, சேலை!” என்று குரல் கொடுத்துப் போய்விடுகின்றார். கேட்டவர் திரும்பிப் பார்ப்பதற்குள், சொன்னவர் வெகுதூரம் சென்றுவிடுவர்.

செய்தவரைக் காணவே இயலாத நன்மைகளும் உண்டு. மழைக்குப்பின் நீர் தேங்கி மறைந்த பள்ளத்தில் எவரோ ஒரு மரக்கிளையை நட்டு, அதன் நுனியில் சிவப்புத் துணியொன்றைக் கட்டி வைத்திருந்தனர். அன்றிரவு அவ்வழிச் சென்றோர் அனைவரும் அப்பள்ளத்தை விலகிச் சென்றிருப்பர். அக்கிளையை நட்டவர் யாரென்பதை அவருள் ஒருவரும் அறியார். இக்குறிப்பை எழுதுங்கால், ‘பெற்றவர் அறிந்தனரா?’ என்னும் நான்காவது வினாவிற்கு நேராக ‘இல்லை’ என்றே எழுதினோம். எம் ஏட்டில் அவ்விடையே பெரும்பான்மை.

இங்ஙனம் நாடோறும் நிகழ்வன நம் கண்ணுக்குப் புலப்படாமைக்குக் காரணம் யாது? செயலின் சிறுமையும், செய்தவர் உடனே அகன்றுவிடுதலும் ஒரு காரணம். இவற்றினும் வலிய காரணங்கள் இரண்டு உள.

ஒன்று விரைவு. 1973ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சி ஈண்டு நினைக்கத்தக்கது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரத்து வேதசாஸ்திரக் கல்லூரி மாணவர் 40 பேரை, ஒரு சொற்பொழிவு ஆற்றுமாறு ஒரு கட்டிடத்திலிருந்து மற்றொரு கட்டிடத்திற்கு அனுப்பினர் டார்லி, பாட்சன் என்னும் உளநூலறிஞர் இருவர். வழியில் ஒருவர் குனிந்து சாய்ந்து, இருமி முனகிக்கொண்டிருக்குமாறு முன்னரே ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. மாணவருட் சிலர் பேச வேண்டிய பொருள், லூக்கா சுவிசேஷம் 10ஆம் அதிகாரத்து நல்ல சமாரியன் உவமையே! ஆயினும் பேசும் பொருள் குறிப்பிடத்தக்க வேறுபாட்டை விளைக்கவில்லை. வேறுபாட்டை விளைத்தது காலமே. விரைவின்றிச் சென்றவருள் 100க்கு 63 பேரும், ஓரளவு விரைந்தவருள் 45 பேரும், காலந்தாழ்த்ததெனக் கேட்டுப் பெரிதும் விரைந்தவருள் 10 பேருமே உதவ முற்பட்டனர். வேதம் கற்பார்க்கே விரைவு இதனைச் செய்யுமாயின், மணியடித்தபின் வகுப்பிற்கு ஓடும் நம்மனோரைப்பற்றிக் கூறவும் வேண்டுமோ?

மற்றொன்று, மக்களைப்பற்றி நாம் முன்னரே கொண்டுள்ள தாழ்ந்த மதிப்பு. 2019ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ என்னும் இதழில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. இந்தியா உள்ளிட்ட 40 நாடுகளின் 355 நகரங்களில், 17,000க்கு மேற்பட்ட பணப்பைகளை வங்கி, தங்கும் விடுதி, அஞ்சலகம் முதலிய இடங்களின் ஊழியரிடம், ‘தெருவிற் கிடந்தது’ என்று சொல்லி ஒப்படைத்தனர். பையினுள் உரியவரின் முகவரி இருந்தது. பணமில்லாத பைகளுக்கு 100க்கு 40 பேர் உரியவருக்குச் செய்தி அனுப்பினர். பணமுள்ள பைகளுக்கு அத்தொகை 51 ஆக உயர்ந்தது. இதனைப்பற்றி முன்கூட்டி வினவப்பட்ட பொதுமக்களோ, பணம் மிகுந்தால் பை திரும்புவது குறையுமென்றே கருதியிருந்தனர். உலகம் தன்னலமே உருவாயது என்று நாம் எளிதிற் கூறிவிடும் தீர்ப்பு, எண்ணிப் பார்த்தபின் கூறும் தீர்ப்பன்று என்பது இதனாற் பெறப்படும்.

நம் முன்னோர் முன்பின் அறியாதார்க்குச் செய்யும் நன்மையைக் கல்லிலும் நீரிலும் நிலைநாட்டினர். வழியோரத்து நிற்கும் சுமைதாங்கிக் கல்லைக் காண்க. இரு கற்களை நிறுத்தி, தலைச்சுமையை இறக்கும் உயரத்தில் ஒரு கல்லைக் குறுக்கே வைத்ததே அது. பிறர் துணையின்றிச் சுமையை இறக்கவும் ஏற்றவும் அது உதவிற்று. கருவுற்ற நிலையில் இறந்த பெண்டிரின் நினைவாக அதனை நாட்டுதல் பல ஊர்களிலும் வழக்கம். சேக்கிழார் பெரிய புராணத்திற் கூறும் அப்பூதியடிகள், தாம் கண்ணாற் காணாத திருநாவுக்கரசரின் பெயரால், தாம் அறியாத வழிப்போக்கர்க்குத் தண்ணீர்ப் பந்தல் அமைத்தனர். யாம் நாடோறும் கடக்கும் தாமிரபரணிப் பாலமும் அத்தகையதே. சுலோசன முதலியார் என்னும் ஒருவர் தம் பொருளைக் கொண்டு கட்டுவித்த அப்பாலம் 1843இல் திறக்கப்பட்டது. அதன்மேற் செல்லும் எத்துணைப் பேர் அவரை நினைப்பர்!

நிற்க. இம்முயற்சி ஒரு கடிய வினாவையும் எம்முன் நிறுத்திற்று. அதனைக் கூறாதொழிதல் முறையன்று. கோடையின் பிற்பகுதியில் ஒருநாள், ஒரு சிறு கடையின் முன் வைத்திருந்த மண்பானைத் தண்ணீரை யாமும் எம் தோழர் சிலரும் மொண்டு குடித்தோம். பின்னர் வந்தார் ஒரு முதியவர், கந்தல் உடையினர். பானையருகே நின்றாரேயன்றிக் குவளையைத் தொட்டாரல்லர். கடைக்கார அம்மையாரை நோக்கி, “தாயே, கொஞ்சம் தண்ணி குடிச்சிக்கிடட்டுமா?” என்றார். அவ்வம்மையார், “இதுக்கெல்லாம் கேக்கணுமா தாத்தா? குடிங்க” என்று தாமே மொண்டு கொடுத்தார்.

கேளாமற் குடித்தவர் யாம். கேட்டுக் குடித்தவர் அவர். பானை ஒன்று, நீரும் ஒன்று. அக்கேள்வியை அவருக்குக் கற்பித்தது எது? நம் நாட்டில் 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதன் பின்னரும் சிற்றூர்த் தேநீர்க்கடைகள் பலவற்றில் சாதிபற்றி இரட்டைக் குவளை வைக்கும் கொடுமை பல்லாண்டு நீடித்தது. உடையும் தோற்றமும் கண்டு ஒருவரை விலக்கி நிறுத்தும் வழக்கம் இன்னும் அறவே ஒழிந்ததன்று. ஆகவே அன்றுமுதல் எம் ஏட்டில் ஐந்தாவது வினாவொன்றைச் சேர்த்தோம்: ‘இந்நன்மையை அணுகத் தயங்கி நின்றவர் யார்?’ நன்மையைக் காணப் பழகிய கண்ணே, அது சென்று எட்டாத இடத்தையும் காணும் என்பது எம் துணிபு. முதியவரின் தயக்கத்தை யாம் கண்டது, பானையைக் காணத் தொடங்கிய பின்னரேயாம்.

அச்சமும் நன்மையைத் தடுக்கும். சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கினால் காவல் நிலையத்திற்கும் வழக்குமன்றத்திற்கும் அலைய நேருமென்று அஞ்சி விலகியோர் பலர். இவ்வச்சத்தைப் போக்க, உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு 2016இல் உச்ச நீதிமன்றம் வலுவளித்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்திலும் அக்காப்பு ஒரு தனிப்பிரிவாகச் சேர்க்கப்பட்டது. மாணவர் யாவரும் இதனை அறிந்திருத்தல் நலம்.

சிறு நன்மைகளைக் குறித்து வைப்பதனாற் பயன் யாதென்று சிலர் வினவலாம். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் நம் மாவட்டத்தையும் தூத்துக்குடி மாவட்டத்தையும் பெருவெள்ளம் சூழ்ந்தபொழுது, திருச்செந்தூரினின்று சென்னைக்குப் புறப்பட்ட இரயில் ஸ்ரீவைகுண்டத்தில் மேற்செல்ல வழியின்றி நின்றது. அருகிலிருந்த புதுக்குடி ஊரார் தாமும் வெள்ளத்தால் வருந்திய நிலையில், முன்பின் அறியாத அப்பயணிகளுக்குச் சோறாக்கி அளித்தனர். அச்செய்தியை நாடறியும். அத்தகைய செயல் ஒருநாளில் திடுமெனத் தோன்றுவதன்று. பேருந்தில் பிறர் காசைக் கைமாற்றி அனுப்பும் பழக்கமும், பள்ளத்திற் கிளை நடும் பழக்கமும் உள்ள மக்களிடத்தே அது தோன்றும் என்பது எம் எண்ணம்.

ஆதலின், தோழர்காள், ஒரு திங்களேனும் இம்முயற்சியை மேற்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். வேண்டுவன ஒரு குறிப்பேடும், எழுதுகோலும், சற்றே தாழ்ந்த நடையுமே. எழுதத் தொடங்கிய சின்னாட்களில் நும்முடைய ஏட்டிலும் பெயரறியா மனிதர் பலர் இடம்பெறுவர். அவருள் எவர்க்கும் நீர் நேரே கைம்மாறு செய்தல் இயலாது. நாளைக் காலைப் பேருந்தில் நுமக்கு இருக்கை கிடைப்பின், நிற்பவரின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளுதல் இயலும்.