ஸ்பிதியில் எங்க வண்டி ஏன் கிளம்பவில்லை?

ஐ.வி. என்றாலே நம்ம காலேஜில் மணாலிதான். நீங்களும் போயிருப்பீங்க, பனியில் உருண்டு ஸ்டேட்டஸ் போட்டிருப்பீங்க. அந்த மணாலிக்குக் கிழக்கே, மலைக்கு அந்தப் பக்கம் ஸ்பிதி என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கு. கோடையில் பைக்கில் போறவங்க நிறைய. குளிர்காலத்தில் எட்டிப் பார்க்கிறவங்க ரொம்பக் கம்மி. போன ஜனவரியில் நாங்க அஞ்சு பேர் போனோம். அந்தக் குளிர் ஒரு வண்டியை என்ன செய்யும், உள்ளே உட்கார்ந்திருக்கிற நம்மை என்ன செய்யும் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இடம். லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தின் பரப்பு 13,841 சதுர கி.மீ. 2011 கணக்குப்படி மக்கள்தொகை 31,564. அதாவது ஒரு சதுர கிலோமீட்டருக்கு ரெண்டு பேர்! மணாலி வழியில் 4,500 மீட்டருக்கு மேலே இருக்கிற குன்சம் கணவாய் குளிர்காலத்தில் மூடிடும். அதனால் சிம்லா, ரெக்காங் பியோ, நாக்கோ, தாபோ வழியா 400 கிலோமீட்டருக்கு மேல் சுற்றித்தான் காசா போகணும். இரவில் மைனஸ் 20 அங்கே சாதாரணம். குழாயில் தண்ணீர் உறைஞ்சு, விரிஞ்சு, குழாயையே உடைச்சிடும். அதனால் வாளியில்தான் தண்ணீர்.

வாடகை வண்டி, டீசல். டிரைவர் அண்ணன் மலைக்காரர். காசா வந்ததும் அவர் சொன்ன முதல் விஷயம், "இங்கே கிடைக்கிற டீசலை ஊத்திக்கலாம்." பாதி டேங்க் இருக்கே, எதுக்கு வீண் செலவு என்று நாங்க வேண்டாம்னு சொல்லிட்டோம். அவர் எதுவும் பேசலை. ராத்திரி பேட்டரியைக் கழற்றித் தன் அறைக்குள் தூக்கிட்டுப் போனார். எங்களுக்குச் சிரிப்பா இருந்துச்சு.

காலையில் சாவியைத் திருப்பினா, ஸ்டார்ட்டர் நல்லா சுத்துது, ஆனா எஞ்சின் பிடிச்சுப் பிடிச்சு அணையுது. ஸ்டார்ட்டர் சுத்துதுன்னா பேட்டரி நல்லா இருக்குன்னு அர்த்தம். அப்போ கோளாறு எரிபொருளில்.

டீசலில் இயற்கையாவே பாரஃபின் மெழுகு கரைஞ்சிருக்கு. குளிர் ஏற ஏற அது சின்னச் சின்னத் துகளாப் பிரிஞ்சு ஃபில்டரை அடைக்கும். நம்ம வீட்டுத் தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறையுற மாதிரிதான். டேங்க் முழுக்க உறையவேண்டிய அவசியமே இல்லை, ஃபில்டர் அடைச்சாலே போதும். நாங்க சமவெளியில் போட்ட டீசல் அந்தக் குளிருக்கானது இல்லை. இப்படிப்பட்ட இடங்களுக்காகவே மைனஸ் 33 டிகிரி வரை பாயக்கூடிய டீசலை இந்தியன் ஆயில் 2019-ல் கொண்டுவந்தது.

பேட்டரிக்கு வருவோம். குளிரில் அதற்குள் நடக்கிற வேதிவினை மெதுவாகும். மைனஸ் 18-ல் ஏறக்குறைய பாதி சக்திதான் கிடைக்கும். எஞ்சின் ஆயிலும் கெட்டியாகிறதால் சுத்துறதுக்கு அதிக சக்தி வேணும். சார்ஜ் இறங்கின பேட்டரியில் அமிலம் நீர்த்துப்போய் மைனஸ் 10 பக்கத்திலேயே உறைய ஆரம்பிக்கும். அண்ணன் அதைப் பிள்ளை மாதிரி தூக்கிட்டுப் போனது இதுக்குத்தான்.

அவர் ஃபில்டர் மேல் சுடுதண்ணீர் ஊத்தி ஊத்தி வண்டியைக் கிளப்பறதுக்குள் பதினொரு மணி ஆச்சு. விஷயம் இங்கேதான் பெரிசாச்சு. பகலில் உருகி ரோட்டுக்குக் குறுக்கே ஓடுற தண்ணீர், சாயங்காலம் கண்ணாடி மாதிரி உறைஞ்சிடும். கண்ணுக்கே தெரியாது. அதனால் நாலு மணிக்குள் ஊர் சேர்றதுதான் அங்கே வழக்கம். நாங்க தாபோ தாண்டி மெதுவா ஊர்ந்தோம். இருட்டும்போது முன்னாடி மண்சரிவு, மேலே பனி கொட்டுது. அண்ணன் டார்ச்சோடு முன்னாடி பார்க்கப் போனார். நாங்க கண்ணாடியெல்லாம் ஏத்திவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்தோம்.

கொஞ்ச நேரத்தில் ஒருத்தன் தலை வலிக்குதுன்னான். இன்னொருத்திக்குக் குமட்டல். உயரத்தால் வருதுன்னு நினைச்சு மாத்திரை கொடுத்தோம். கடைசி சீட்டில் ஒருத்தன் தூங்கியே போயிட்டான். திரும்பி வந்த அண்ணன் கதவையெல்லாம் திறந்து, எஞ்சினை நிறுத்தி, எங்களை இழுத்து வெளியே போட்டார். அவ்வளவு சத்தமா அவர் பேசி நாங்க கேட்டதே இல்லை. பின்னாடி போய்ப் பார்த்தா சைலன்சர் குழாய் பனியில் பாதி புதைஞ்சிருக்கு.

குழாய் அடைச்சா புகை வண்டிக்கு அடியில் தேங்கி உள்ளே ஏறும். டீசல் புகையில் கார்பன் மோனாக்சைடு பெட்ரோலைவிடக் கம்மிதான். ஆனா ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமா அதைத்தான் பிடிச்சுக்கும். அந்த உயரத்தில் நமக்குக் கிடைக்கிற ஆக்ஸிஜனே கடல்மட்டத்தில் கிடைக்கிறதில் மூணில் ரெண்டு பங்குதான். ரெண்டுக்கும் அறிகுறி ஒண்ணே: தலைவலி, குமட்டல், தூக்கம். அதனால்தான் நாங்க ஏமாந்தோம்.

தூங்கினவன் அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் தெளிவாப் பேசினான். அந்த அஞ்சு நிமிஷம் நாங்க யாரும் பேசலை.

நீங்க போனா இதை மட்டும் மறக்காதீங்க. அங்கே கிடைக்கிற டீசலைப் போடுங்க. கூலன்ட்டில் வெறும் தண்ணீர் கூடாது, பாதிக்குப் பாதி கிளைக்கால் இருக்கணும். நாலு மணிக்கு மேல் ஓட்டாதீங்க. மாட்டிக்கிட்டா முதலில் சைலன்சரைச் சுற்றி இருக்கிற பனியைத் தள்ளுங்க. மணிக்குப் பத்து நிமிஷம் மட்டும் எஞ்சினை ஓடவிடுங்க, ஒரு கண்ணாடியை ஒரு விரல் அளவு திறந்து வைங்க. எல்லாரும் ஒரே நேரத்தில் தூங்காதீங்க.

ஐ.சி. எஞ்சின்ஸ் பேப்பரில் கார்பன் மோனாக்சைடு எப்படி உருவாகுதுன்னு ரெண்டு மார்க் கேள்வி வரும். நான் சரியா எழுதியிருக்கேன். அன்னிக்கு வண்டிக்குள்ளே இருந்த அஞ்சு பேரில் மூணு பேர் மெக்கானிக்கல். ஒருத்தருக்கும் அது ஞாபகம் வரலை.