பூட்டு விழுந்ததா? பார்த்த பிறகே தூக்குங்கள்!

புனே: மண் அள்ளவும் எரு ஏற்றவும் முன்பெல்லாம் பத்து ஆட்கள் வேண்டும். இன்று டிராக்டரின் முன்புறம் லோடர் பொருத்தினால் ஒரு டிரைவரே முடித்துவிடுகிறார். புனே-நகர் சாலையிலுள்ள சணஸ்வாடியில் டிராக்டர் தொழிற்சாலையே இருக்கிறது. இத்தகைய வண்டிகளை ஓட்டிப் பிழைக்கும் தமிழ்த் தொழிலாளரும், ஊரில் நிலத்தை விட்டுவிட்டு இங்கு குமாஸ்தா வேலை பார்ப்பவரும் அறிந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு.

லோடரில் பக்கெட், முள்கரண்டி ஆகியவற்றை நிமிடத்தில் மாற்றும் வசதி வந்துவிட்டது. மேலே இரண்டு கொக்கிகள். கீழே இரண்டு பூட்டு ஊசிகள். ஆபத்து இங்கேதான்.

மேல் கொக்கி மட்டும் மாட்டியிருந்தாலும் பக்கெட் மேலே எழும்பும். எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். சரக்கைக் கொட்டக் கவிழ்க்கும்போது அடிப்பக்கம் விலகி, பக்கெட் அப்படியே கழன்று விழும். கீழே நிற்பவர் கதி என்ன?

செய்ய வேண்டியது

பக்கெட்டை மாட்டியதும் தரையில் இறக்கி, பிரேக் போட்டு, என்ஜினை நிறுத்தி, இறங்கிச் சென்று இரு பக்கமும் ஊசி துளைக்குள் புகுந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். துளையில் மண் அடைத்திருந்தால் ஊசி இறங்காது. பிறகு ஏறி, பக்கெட்டின் முனையைத் தரையில் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். பூட்டு விழாவிட்டால் அப்போதே தெரிந்துவிடும்.

பாரத்தைத் தரையை ஒட்டியே கொண்டுசெல்ல வேண்டும். உயரத் தூக்கினால் சரிவில் வண்டி கவிழும். பின்பக்கம் போதிய எடை கட்டுவதும் அவசியம். தூக்கிய பக்கெட்டின் கீழ் ஒருவரும் நிற்கலாகாது; அதில் ஆளை ஏற்றவும் கூடாது.

ஹைட்ராலிக் குழாயில் கசிவு இருந்தால் கையால் தடவக் கூடாது. அட்டையைக் காட்டிப் பார்க்க வேண்டும். ஊசிபோல் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துவிடும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதித்தால் விரலையே இழக்க நேரிடும்.

சட்டம் மட்டும் போதாது

ஸ்வீடனில் 1959-லேயே புது டிராக்டர்களுக்கு, கவிழ்ந்தாலும் டிரைவரைக் காக்கும் இரும்புச் சட்டம் கட்டாயமாயிற்று. கதிரடிக்கும் இயந்திரங்களால் ஏற்படும் விபத்துகளைத் தடுக்க நம் நாட்டில் 1983-ல் ஆபத்தான இயந்திரங்கள் சட்டம் வந்தது. ஆனால் வயலில் சட்டம் வந்து பூட்டைப் பார்க்காது. டிரைவர்தான் பார்க்க வேண்டும்.

இறங்கிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும். "சீக்கிரம், சீக்கிரம்" என்று முதலாளி விரட்டினாலும் அந்த ஒரு நிமிடத்தை விட்டுக்கொடுக்கலாகாது. மாதம் பிறந்தால் மணியார்டரை எதிர்பார்த்திருக்கும் குடும்பம் ஊரில் இருக்கிறது.