தொண்டை வலிக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

குழந்தைக்குத் தொண்டை வலி என்றால் நம்மில் யாரும் அவ்வளவாகக் கலங்குவதில்லை. உப்புப் போட்ட வெந்நீரில் கொப்புளிக்கச் சொல்வோம். ராத்திரி பாலில் மஞ்சள் பொடியும் மிளகுப் பொடியும் கலந்து கொடுப்போம். நாலு நாளில் சரியாகிவிடும். குழந்தைகளுக்கு வருகிற தொண்டை வலியில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை; அவை தானாகவே போய்விடும்.

மீதியில் ஒன்றுதான் பொல்லாதது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் வருவது. (பெயர் வாயில் நுழைய எனக்கே நாலு நாள் ஆயிற்று!) தொண்டை வலி போய், எல்லோரும் அதை மறந்துபோன இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி காய்ச்சல் வரும். முழங்கால் வீங்கும். அது வற்றுவதற்குள் கணுக்கால், பிறகு முழங்கை என்று வீக்கம் இடம் மாறிக்கொண்டே போகும். இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். ஐந்திலிருந்து பதினைந்து வயதுக்குள்தான் அதிகம் வரும். மூட்டு வீக்கம் தடம் தெரியாமல் மறைந்துவிடும். ஆனால் இதயத்தின் வால்வில் விழுந்த தழும்பு பல குழந்தைகளுக்கு நின்றுவிடும். இந்தக் காய்ச்சல் இன்னும் ஒழியாத நாடுகளில் நம் நாடும் ஒன்று.

என் நாத்தனார் பெண்ணுக்கு இது வந்தது. இப்போது ஓடி ஆடித் திரிகிறாள். ஆனாலும் 21 நாளுக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி. சாதாரண ஊசி இல்லை, போட்ட இடம் கல்லாய்க் கனக்கும். முதல் நாளிலிருந்தே அழ ஆரம்பித்துவிடுவாள். "அண்ணி, உடம்புதான் நன்றாய் ஆகிவிட்டதே, இந்தச் சனியனை நிறுத்திவிட்டால் என்ன?" என்று நாத்தனார் என்னிடம் கேட்டாள். தொண்டையில் வந்த கிருமி இதயத்துக்கு எப்படிப் போயிற்று என்றும் கேட்டாள். எங்கள் டாக்டரம்மாவைக் கேட்டும், கிடைத்ததைப் படித்தும் பார்த்தேன். இரண்டு கேள்விக்கும் பதில் தேட வழி போட்டுக் கொடுத்தவர் ஒரு பெண்மணி என்று தெரிந்தபோது சந்தோஷமாக இருந்தது.

அவர் பெயர் ரெபேக்கா லான்ஸ்ஃபீல்டு. 1895-ல் நியூயார்க்கை ஒட்டிய ஸ்டேட்டன் தீவில் பிறந்தவர். வெல்லெஸ்லி கல்லூரியில் இலக்கியம் படிக்கத்தான் சேர்ந்தார். அறைத் தோழி படித்த விலங்கியல் பாடத்தைப் பார்த்து ஆசைப்பட்டு, அதற்கு மாறிவிட்டார். படிப்பு முடிந்து ஒரு வருஷம் பெண்கள் பள்ளியில் ஆசிரியை வேலை. 1918-ல் கல்யாணம், அதே வருஷம் நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் உதவியாளர் உத்தியோகம்.

அது முதல் உலக யுத்த காலம். டெக்சாஸ் மாகாணத்துப் பட்டாள முகாம்களில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நோய் பரவியிருந்தது. அங்கிருந்து வந்த 125 கிருமி மாதிரிகளைப் பிரித்துப் பார்க்கும் வேலை அவர் கைக்கு வந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான், மணி கோத்தாற்போல. ஆனால் ஒவ்வொன்றும் உடம்பில் உண்டாக்குகிற எதிர்ப்புப் பொருளை வைத்துப் பார்த்தபோது, இவை ஒரே ஜாதி இல்லை, பல வகை என்று தெரிந்தது. நாலே வகைக்குள் நூற்றுக்கு எழுபது அடங்கின. அந்த வகை பிரிக்கிற வேலையைத்தான் அந்த அம்மாள் அதற்குப் பிறகு அறுபது வருஷம் செய்தார்!

1922-லிருந்து அதே நிலையத்தின் ஆஸ்பத்திரியில் ருமாட்டிக் காய்ச்சல் ஆராய்ச்சி. அந்த நாளில் பலர் வேறொரு கிருமியைத்தான் குற்றவாளி என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அது நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்கள் தொண்டையிலும் அதே அளவு இருக்கிறதே என்று எடுத்துக்காட்டி, அந்த எண்ணத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார். 1925-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

அவர் செய்த முறை நம் சமையலறைக்குப் பக்கத்து வீடு மாதிரிதான். கிருமியை அமிலத்தில் கொதிக்கவைத்துச் சாறு இறக்குவார். அந்தச் சாற்றை மெல்லிய கண்ணாடிக் குழாயில் விட்டு, எதிர்ப்புப் பொருள் உள்ள சீரத்தைச் சேர்ப்பார். ஜோடி பொருந்தினால் பால் திரிந்தாற்போல் கலங்கும். இல்லையென்றால் தெளிவாகவே நிற்கும். இப்படிப் பார்த்துத்தான், கிருமியின் மேல் ரோமம் மாதிரி நிற்கிற எம் புரதத்தைப் பற்றி 1928-ல் எழுதினார். 1933-ல் கிருமிகளை ஏ, பி, சி என்று கூட்டங்களாகப் பிரித்தார். மனிதர்களுக்குத் தொண்டை வலியும் ருமாட்டிக் காய்ச்சலும் தருவது ஏ கூட்டம். இன்றைக்கும் உலகம் முழுக்க டாக்டர்கள் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

இனி நாத்தனார் கேட்ட முதல் கேள்விக்கு வருகிறேன். கிருமி இதயத்துக்குப் போவதே இல்லை! அது தொண்டையோடு சரி. கிருமி போட்டிருக்கிற அந்த எம் புரதச் சட்டையும், நம் இதயத் தசையில் உள்ள மயோசின் என்ற புரதமும் ஜாடையில் ஒத்துப்போகின்றன என்று பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். திருடனும் வீட்டுக்காரரும் ஒரே துணியில் சட்டை போட்டிருந்தால் இருட்டில் கூர்க்கா யாரை அடிப்பான்? அப்படித்தான் கிருமியை அடிக்கக் கிளம்பிய நம் உடம்பின் காவல் படை, இதயத்தையும் வால்வையும் சேர்த்து அடித்துவிடுகிறது. ஸ்ட்ரெப் தொண்டை வலி வந்த எல்லாக் குழந்தைக்கும் இப்படி ஆவதில்லை, சிலருக்குத்தான்.

இரண்டாவது கேள்விதான் தாய்மார்களுக்கு முக்கியம். அம்மை ஒரு தடவை வந்தால் மறுபடி வராது என்று இருக்கிறோம். இது அப்படி இல்லை. எம் புரதத்தில் இன்றைக்குத் தெரிந்த வகைகள் 200-க்கும் மேல். ஒரு வகைக்கு உண்டான எதிர்ப்பு சக்தி முப்பது வருஷம் வரைகூட நிற்கும் என்று லான்ஸ்ஃபீல்டு அம்மாளே காட்டியிருக்கிறார். ஆனால் அது அந்த ஒரு வகைக்கு மட்டும். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையன் இருமினால் வருவது வேறு வகையாக இருக்கலாம். ஒரு தடவை ருமாட்டிக் காய்ச்சல் வந்த குழந்தைக்கு அடுத்த தொண்டை வலியில் மறுபடி வருவது சுலபம். ஒவ்வொரு தடவையும் வால்வில் இன்னொரு தழும்பு. ஊசி, வந்துபோன நோய்க்காக இல்லை. அடுத்த கிருமி தொண்டையில் குடியேறாமல் இருக்கத்தான். இதைச் சொன்ன பிறகு நாத்தனார் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

இதயம் பாதிக்காத குழந்தைக்கும் குறைந்தது ஐந்து வருஷமாவது போடச் சொல்வார்கள். வால்வு கெட்டிருந்தால் நாற்பது வயது வரைகூட ஆகலாம். எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும். பென்சிலின் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. முன்பு எப்போதாவது தடிப்பு, மூச்சுத் திணறல் வந்திருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

முதல் தடவையே வராமல் தடுக்கவும் முடியும். அமெரிக்காவில் வயோமிங் மாகாணத்து விமானப்படை முகாமில் 1949-ல் தொடங்கிப் பார்த்தார்கள். இந்தத் தொண்டை வலி வந்தவர்களில் பென்சிலின் கொடுக்காத சுமார் 800 பேரில் 17 பேருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்தது. கொடுத்த சுமார் 800 பேரில் 2 பேருக்குத்தான். வலி ஆரம்பித்து ஒன்பது நாளுக்குள் மருந்தைத் தொடங்கினாலே பலன் உண்டு. சளி இருமல் இல்லாமல் திடீரென்று காய்ச்சல், விழுங்க முடியாத வலி, தாடைக்குக் கீழே நெறி கட்டுவது, உள்நாக்குப் பக்கம் வெள்ளைத் திட்டு இருந்தால் கஷாயத்தோடு நிற்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். பத்து நாள் மாத்திரை எழுதினால், மூன்றாம் நாள் குழந்தை இட்லி சாப்பிட ஆரம்பித்துவிட்டது என்று மீதியை அலமாரியில் வைக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் காய்ச்சலில் சில குழந்தைகளுக்கு, அதுவும் பெண் குழந்தைகளுக்கு, கை கால் தன்னையறியாமல் துள்ளும். கையெழுத்து கோணிப்போகும். டம்ளர் கை நழுவும். தூங்கும்போது அடங்கிவிடும். திமிர் என்று முதுகில் ஒன்று வைக்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

இதற்கு ஒரு தடுப்பூசி வரக்கூடாதா என்று தோன்றும். பல வருஷமாக முயல்கிறார்கள். அந்த ஜாடை ஒற்றுமைதான் குறுக்கே நிற்கிறது. தடுப்பூசியே இதயத்தைத் தாக்கத் தூண்டிவிட்டால்? 200 வகை என்பது இன்னொரு தொல்லை.

லான்ஸ்ஃபீல்டு அம்மாள் 1980-ல் இடுப்பெலும்பு முறியும் வரை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். மறு வருஷம் மார்ச்சில் 86-வது வயதில் காலமானார். வருஷா வருஷம் நன்றி கூறும் பண்டிகைக்கு முன்பு முட்டையும் பாலும் சேர்த்து அவர் கைப்பட ஒரு பானம் கலந்து சகாக்களுக்குக் கொடுப்பது வழக்கமாம். அதில் மதுவும் உண்டு என்பதால் செய்முறை தரவில்லை!

கல்யாண வயதில் பெண் இருக்கும் வீட்டுக்கு ஒரு வார்த்தை. சிறு வயதில் இந்தக் காய்ச்சல் வந்திருந்தால் அதை மறைக்காதீர்கள். கர்ப்ப காலத்தில் உடம்பில் ரத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. சுருங்கிய வால்வு அது வரை சத்தம் காட்டாமல் இருந்துவிட்டு, ஐந்தாம் ஆறாம் மாதத்தில் மூச்சிரைப்பாய் வெளிப்படும். மாடிப்படி ஏறினால், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று பெண் சொன்னால், பிள்ளைத்தாச்சிக்கு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடக் கூடாது. முதல் பரிசோதனையிலேயே பழைய கதையைச் சொல்லி, இதய ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். 21 நாள் ஊசி போட்டுக்கொள்கிற பெண் கர்ப்பமானதும் அதைத் தானாக நிறுத்தவேண்டாம். பென்சிலின் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கக்கூடிய மருந்துதான்.