மாரியிலும் பொலிவு தரும் சீமெந்து முற்றம்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வீட்டு முற்றத்துக்குச் சீமெந்து இடும் கமக்காரர் பலராவர். காலபோக நெல்லைத் தை, மாசி மாதங்களில் உலர்த்துவதற்கும், பின்னர் வெங்காயம், மிளகாய் முதலியவற்றைப் பரப்புவதற்கும் இத்தகைய தரை மிக வாய்ப்பானது. ஆயின், ஐப்பசி தொடக்கம் மார்கழி ஈறாகவுள்ள மாரிக் காலத்தில் அத்தரையில் உலர்த்துவதற்கு ஒன்றுமில்லை. நீர் தேங்கி, பாசி படர்ந்து, வீட்டின் முகப்பையே அது கெடுத்து நிற்பதைக் காண்கிறோம். அம்மாதங்களிலும் முற்றம் கண்ணுக்கினியதாக இருத்தல் வேண்டுமாயின், சீமெந்து குழைப்பதற்கு முன்னரே ஆலோசித்தல் வேண்டும்.

முதலில் ஆலோசிக்க வேண்டியது, எவ்வளவு நிலத்தை மூடுவது என்பதாகும். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. கிணற்று நீர், மாரி மழை மண்ணுட் புகுந்து சுண்ணாம்புக்கற் படைகளிலே தங்கியதேயாகும். 1,000 சதுர அடித் தரையில் ஓர் அங்குல மழை பெய்தால் 2,300 லீற்றருக்கு மேற்பட்ட நீர் சேரும். முற்றம் முழுவதையும் மூடிவிட்டால் அந்நீர் ஒழுங்கைக்கு ஓடி, வெள்ளவாய்க்கால் வழியே கடலைச் சேரும். கோடையில் தோட்டத்துக்கு இறைக்கும் கிணறு அதனை இழக்கும். ஆகவே, நெல் உலர்த்தும் இடத்துக்கும், வாசலிலிருந்து கிணற்றுக்கும் கொட்டிலுக்கும் செல்லும் நடைபாதைக்கும் மட்டும் சீமெந்து இடுதல் நன்று. முற்றம் முழுவதற்கும் இட்டாற்றான் மதிப்பு என எண்ணுவோரும் உளர். கார்த்திகை மழையில் அத்தகைய முற்றமொன்றைப் பார்த்தால் அவ்வெண்ணம் நீங்கும்.

நடைபாதைக்கு ஒரே தரையாக இடாது, மரச்சட்டத்தில் வார்த்த ஈரடிச் சதுரக் கற்களைப் பதித்தலே சிறந்தது. கனம் இரண்டரை அங்குலம் போதும். மணற் படுக்கையின் மேல், கல்லுக்குக் கல் இரண்டு அங்குல இடைவெளி விட்டுப் பதித்து, இடைவெளியில் மண் நிரப்பி அறுகு ஊன்றுக. மாரியில் ஒவ்வொரு கல்லையும் சுற்றிப் பசுமை எழும்; மழை நீரும் அவ்வழியே நிலத்துட் செல்லும். வேண்டியபோது கற்களைக் கிளப்பி வேறிடத்திற் பதிக்கவும் இயலும்.

உலர்த்துந் தரைக்குச் சீமெந்து 1 பங்கு, மணல் 2 பங்கு, சல்லிக்கல் 4 பங்கு என்னும் கலவை ஏற்றது. கனம் மூன்று அங்குலமாகவும், உழவு இயந்திரம் ஏறுமாயின் நான்கு அங்குலத்துக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். கடற்கரை மணலைப் பயன்படுத்தலாகாது. அதிலுள்ள உப்பு பின்னர் வெண்திட்டுக்களாகப் பூக்கும். ஐந்து அடிக்கு ஓர் அங்குலம் வீதம், வீட்டுச் சுவரிலிருந்து அப்பாற் சரிவு அமைக்க. மேற்பரப்பை வழவழப்பாகத் தேய்த்தால் மழையிற் கால் வழுக்கும். ஆதலின் இறுகுமுன் தும்புத்தடியால் மெல்ல இழுத்து விடுக. ஏழு நாட்களுக்கு ஈரச் சாக்குகளால் மூடி வைத்தல் அவசியம். இவ்வேலையைப் புரட்டாதிக்கு முன் முடித்தல் நன்று. மா, தென்னை முதலியவற்றின் அடியிற் குறைந்தது நான்கு அடி மண்ணை வெறுமையாக விடுக.

சரிவின் தாழ்ந்த ஓரத்திலே, தரையினும் முக்கால் அடி தாழ்வாக மூன்று அடி அகலப் பாத்தி ஒன்று அமைத்தால், ஓடிவரும் நீர் அதில் ஊறும். இப்பாத்தி கிணற்றுக்கு அருகில் இருத்தலாகாது. கிருமிநாசினி தெளிகருவிகளை இத்தரையிற் கழுவுதலும் ஆகாது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்கள் வழியே நஞ்சு விரைவிற் கிணற்றை அடையும்.

நீர் தேங்கும் பாத்திக்குக் கல்வாழையும் சேம்பும் பொருந்தும். செவ்வந்தி, பகற்பொழுது குறுகும் காலத்திலே பூப்பதாகையால் மாரி முற்றத்துக்கு மிக உகந்தது. எனினும் வேரில் நீர் நிற்பதை அது தாங்காது. அதனை மேட்டுப் பக்கத்தில் நடுக. குரோட்டன் இலைகள் மழையிற் கழுவுண்டு, சாம்பல் நிறத் தரைக்கருகே நன்கு விளங்கும். வெட்சியைச் சீமெந்து ஓரத்தில் நடுதல் வேண்டாம். சீமெந்திலிருந்து கரையும் சுண்ணாம்பினால் இரும்புச் சத்தை அது பெற இயலாது இலை மஞ்சளிக்கும்.

வேலியிற் கார்த்திகைப்பூக் கொடியைப் படரவிடின், மழை நாட்களில் அதற்கு ஈடான அழகு வேறில்லை. ஆனால் அதன் கிழங்கு கொடிய நஞ்சுடையது. வற்றாளை, இராசவள்ளி முதலிய உணவுக் கிழங்குகள் நட்ட இடத்துக்கு அண்மையில் அதனை ஒருபோதும் வளர்த்தலாகாது. மயங்கி உண்டு உயிரிழந்தோர் உளர்.